இரண்டாம் எண்ணுக்கு ஒரு வட்டம்

யவோர்கா
செப்டம்பர் 3

அன்புள்ள ஞானப்பாவுக்கு,

நலம்தானே? ஞானம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு இதைத் தபாலில் கேட்பது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நேற்று இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் "பசு கன்னு போடுது, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். யவோர்காவில் ஒரே மாலையில் இரண்டு பசுக்கள் கன்று ஈன்றதாக நான் கேள்விப்படவில்லை. கடிதத்தை வைத்துவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நகர அலுவலக வாசலில் கண்ணாடிப் பலகையில் வேட்பாளர் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். ரொட்டி வாங்கிக்கொண்டு வரும் வழியில் நின்று பார்த்தேன். மேயர் பதவிக்கு மூன்று பேர். ஒன்று, இகோர் பலாஷிக், தொழிலதிபர். இரண்டு, டாக்டர் விந்த்சென்ட் ஹ்ரிவ்னாக், கால்நடை மருத்துவர். மூன்று, ப்ரோனிஸ்லாவா குஹ்தோவா, ஆசிரியை, அதாவது நான். இரண்டாவது பெயரை நான் நான்கு முறையாவது படித்திருப்பேன். பின்னால் கோயில் பாடகர் குழுவின் மார்தா அக்கா வந்து நின்றாள். "ஏண்டி, உன் ஞானப்பாவும் நிக்கிறாரா? குடும்பத்தோட கெளம்பிட்டீங்களா?" என்று சிரித்தாள். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அது பொய். முதலில் அந்தப் பொய்க்காகத்தான் உங்கள்மேல் கோபம், மற்றதெல்லாம் அப்புறம்.

மே மாதம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதானே நான் நிற்கப்போவதைச் சொன்னேன்? நீங்கள் என் தட்டில் இன்னொரு துண்டு வாத்துக்கறி வைத்தீர்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பலாஷிக் வந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஊர் இன்னும் ஜிப்சி என்று ஒதுக்கிவைக்கும் மேட்டுக் குடியிருப்பு ரோமா பிள்ளைகளை, என் வகுப்பையும் சேர்த்து, நம் பள்ளியிலிருந்து கிளப்பி, அவர்கள் குடியிருப்பை ஒட்டிய கல்குவாரி ஓரத்தில் இரும்புக் கன்டெய்னர்களில் வைப்பதுதான் அவனுடைய முதல் வாக்குறுதி. அதைத் தடுக்க ஒருவர் மேயராக வேண்டும். ஒருவர்தான். நம் ஊரில் இரண்டாம் சுற்று கிடையாது. ஒரு வாக்கு கூடினாலும் அவன்தான் மேயர். அவனைப் பிடிக்காதவர்கள் உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி என்று போட்டால், பிடித்தவர்கள் மட்டுமே அவனுக்குப் போதும்.

ஏன் ஞானப்பா?

அன்புடன்,
ப்ரோன்கா


யவோர்கா
செப்டம்பர் 8

அன்பு மகள் ப்ரோன்காவுக்கு,

ஞானம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நான் ஊசி போடுகிறேன் என்றேன், "நான் பசுவா?" என்று கேட்டாள். இத்துடன் ஒரு புட்டி பிளம் ஜாம் அனுப்பச் சொன்னாள். தபாலில் புட்டி உடையும் என்று நான் மறுத்துவிட்டேன். வந்து எடுத்துக்கொள்.

பசு விஷயம் பாதி உண்மை. ஒன்று கன்று போட்டது.

மேயர் ஆகவேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. ஜூலையில் ஒரு மாலை மூன்று பேர் என் சமையலறைக்கு வந்தார்கள். பாதிரியார், கசாப்புக் கடை கேய்ஸா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். பேச்சைத் தொடங்கியது கேய்ஸாதான். "டாக்டர், ப்ரோன்கா தங்கமான பொண்ணு. ஆனா ஜிப்சிப் பிள்ளைங்க டீச்சருக்கு இந்த ஊர்ல யாரு ஓட்டுப் போடுவா? உங்களுக்குன்னா கண்ண மூடிக்கிட்டுப் போடுவாங்க. உங்க கை படாத மாடு உண்டா இங்க?"

"மாட்டுக்கு ஓட்டு இல்லியேப்பா" என்றேன்.

"மாட்டுக்காரனுக்கு இருக்குல்ல" என்றான்.

பாதிரியார் சிரிக்கவில்லை. "நீங்க நிக்கலேன்னா அவன் வந்துருவான் விந்த்சென்ட். அந்தப் பொண்ணு தோத்து அழறத நாம பாத்துக்கிட்டு நிக்கணும்" என்றார். இரண்டாவது வாக்கியம்தான் என்னைத் தைத்தது. ஞானஸ்நானத் தொட்டியில் உன்னைக் கையில் ஏந்தியவன் நான். நீ அப்போதும் யாருக்கும் அடங்கவில்லை. பாதிரியாரின் கண்ணாடியைப் பறித்தாய்.

உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. குதிரையின் பின்கால் பக்கம் நிற்க எனக்குப் பயம் இல்லை. உன் முகத்துக்கு முன்னால் நிற்கப் பயம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ விலகிக்கொள். உன் வகுப்பில் ஒரு பிள்ளையையும் யாரும் தொட மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. என் வார்த்தையை நீ நம்பாமல் வேறு யார் நம்புவார்கள்?

ஞாயிறு மதியம் வா.

உன் ஞானப்பா,
விந்த்சென்ட்


யவோர்கா
செப்டம்பர் 19

அன்புள்ள ஞானப்பாவுக்கு,

ஞாயிறு வரவில்லை. மன்னியுங்கள். வந்திருந்தால் சாப்பிட்டிருப்பேன், சாப்பிட்டால் சம்மதித்திருப்பேன். உங்கள் வீட்டு மேசையின் சக்தி எனக்குத் தெரியும்.

தபால் நிலையத்தில் வியர்கா போன கடிதத்தை எடை போட்டுக்கொண்டே கேட்டாள்: "மூணு தெருவுக்கு ஸ்டாம்ப் ஒட்டறியே, உங்களுக்குள்ள கோர்ட்டு கேஸா?" இல்லை, தேர்தல் என்றேன். "அது அதைவிட மோசம்" என்றாள்.

போன சனிக்கிழமை கால்பந்து மைதானத்தில் பலாஷிக்கின் குலாஷ் விருந்துக்கு நீங்கள் போகவில்லை. நான் போனேன். ஆறு அண்டாவில் மான்கறி, பீப்பாய் பீப்பாயாக பீர், பிள்ளைகளுக்குக் காற்றடைத்த கோட்டை. அவன் டிராக்டர் வண்டிமேல் ஏறி நின்றான். கத்தவே இல்லை, ஞானப்பா. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். சொந்த அண்ணன் மாதிரிப் பேசினான்.

"நான் யாருக்கும் எதிரி இல்லீங்க. ஹீட்டர் வெச்ச கன்டெய்னர். நீலக் கலர். அவங்க வீட்டு வாசல்லியே ஸ்கூல். உங்க யாருக்காவது வீட்டு வாசல்ல ஸ்கூல் கட்டிக் குடுத்தாங்களா? எனக்குக் குடுக்கல. நான் பனியில நாலு கிலோமீட்டர் நடந்தேன். அதான் இப்பிடி அழகா இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மார்தா அக்கா சிரித்தாள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், நல்ல மனிதர், பெயர் வேண்டாம், தட்டைத் துடைத்துக்கொண்டே "தப்பாவா சொல்றான்?" என்று என்னிடமே கேட்டார். கறி வாயில் இருக்கும்போது யாரும் தீயவர்களாக இருப்பதில்லை. பசியாறிய முகங்களாகத்தான் இருந்தார்கள்.

வேலிக்கு வெளியே ஆரங்கா மிர்கோவா நின்றுகொண்டிருந்தாள். என் வகுப்பு வனேஸாவின் அம்மா. உள்ளே வரவில்லை. மறுநாள் என்னிடம் சொன்னாள்: "டீச்சர், வாசல்ல ஸ்கூல் வந்தா நல்லதுதான். ஆனா அப்பறம் வாசலத் தாண்ட விடமாட்டாங்க."

நான் ஏன் விலக முடியாது என்று சொல்கிறேன். உங்களுக்குப் போடுபவர்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால், எனக்குப் போடுவார்கள். கேய்ஸாகூட முணுமுணுத்துக்கொண்டே போடுவான். ஆனால் எனக்குப் போடும் மேட்டு மக்கள், நான் என்ன சொன்னாலும் உங்களுக்குப் போட மாட்டார்கள். வெறிநாய்ப் பயம் வந்த வருடம், நகராட்சி உத்தரவின்பேரில் அங்கே வீடு வீடாகப் போய் நாய்களை ஊசி போட்டுக் கொன்றது நீங்கள். உத்தரவு போட்ட மேயரை அவர்கள் மறந்துவிட்டார்கள். ஊசி பிடித்த கையை மறக்கவில்லை. இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. எழுதாமல் இருக்க ஒரு வாரம் முயன்றேன்.

நீங்கள் விலகினால் நாம் ஜெயிப்போம். நான் விலகினால் தோற்போம். வேறு விதமாக எனக்குக் கணக்கு வரவில்லை.

அன்புடன்,
ப்ரோன்கா


யவோர்கா
செப்டம்பர் 24

ப்ரோன்கா,

அந்த நாய்களில் ஒன்றுகூட என்னைக் கடிக்கவில்லை. ஒவ்வொன்றும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. இதை நான் உன் ஞானம்மா ருஷேனாவிடம்கூடச் சொன்னதில்லை.

வாக்குக் கணக்குக்கு அதை நீ பயன்படுத்துவாய் என்று நான் நினைக்கவில்லை.

நான் விலகப்போவதில்லை. ஜாம் புட்டியை உன் வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன்.

ஹ்ரிவ்னாக்


யவோர்கா
அக்டோபர் 13

அன்புள்ள ஞானப்பாவுக்கு,

ஜாம் கிடைத்தது. ஞானம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். உங்களுக்கு நன்றி சொல்ல முடியவில்லை, கையெழுத்தில் குடும்பப் பெயரைப் போட்டுவிட்டீர்கள்.

நேற்று கலாசார மன்றத்தில் நாம் மூவரும் ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்கும் எனக்கும் நடுவே பலாஷிக். நீங்கள் கழிவுநீர்க் குழாய் பற்றிப் பேசினீர்கள், நன்றாகப் பேசினீர்கள். நான் பள்ளி பற்றிப் பேசினேன். பிறகு அவன் மைக்கை வாங்கி, உங்கள் தோளில் ஒரு கையும் என் நாற்காலி முதுகில் ஒரு கையும் போட்டான். "ரெண்டு பேருமே நல்லவங்க. எனக்கு மனசாரப் பிடிக்கும். ரெண்டு பேருக்கும் நெறைய ஓட்டு விழணும்னு நான் தெனமும் ஜெபம் பண்றேன்" என்றான். அரங்கமே கைதட்டியது. நீங்களும் லேசாகச் சிரித்தீர்கள். மரியாதைக்காகத்தான், எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மைப் போன்றவர்களை ஒருவன் முகத்துக்கு நேராகக் கேலி செய்தால்கூட, சபையில் அவன் முகம் வாடிவிடக் கூடாது என்று சிரித்துவைக்கிறோம். எங்கே கற்றோம் இதை?

நாய்களைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கணக்கு தவறு என்று சொல்லவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்கிறேன்.

மேடைக்குப் பின்னால் உங்கள் கோட்டு கீழே விழுந்து கிடந்தது. எடுத்து மாட்டினேன். பொத்தான் ஒன்று தொங்குகிறது.

ப்ரோன்கா


யவோர்கா
அக்டோபர் 26, புதன்

அன்பு மகளுக்கு,

விலகிவிட்டேன். இன்று காலை நகர அலுவலகத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்த எழுத்தர் பெண் மூன்று முறை கேட்டாள்: "நெசமாவா டாக்டர்?"

ஏன் என்று நீ கேட்க மாட்டாய். ஆனாலும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை பலாஷிக் தன் நாய்களுக்குத் தடுப்பூசி போடக் கூப்பிட்டான். தொழில் தொழில்தான், போனேன். கல்குவாரிக்குப் பின்னால் அவனுடைய முற்றம். அங்கே வரிசையாக நிற்கின்றன அந்தக் கன்டெய்னர்கள். நீல நிறம். வந்து இறங்கி மாதக்கணக்காகிறது போல, சக்கரத் தடத்தில் புல் முளைத்திருக்கிறது. தேர்தல் முடியட்டும் என்றுகூட அவன் காத்திருக்கவில்லை. ஒன்றின் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். சுவரில் கோட்டு மாட்டும் கொக்கிகள், என் இடுப்பு உயரத்தில். எத்தனையோ தொழுவங்களுக்கு உள்ளே போயிருக்கிறேன் ப்ரோன்கா. கன்றுகளுக்கென்று கட்டும்போது எல்லாவற்றையும் தாழ்வாகத்தான் வைப்போம். 

அவன் பின்னாலிருந்து வந்து முதுகில் தட்டினான். "டாக்டர், ஒங்களுக்கு நான் பெரிய கடன் பட்டிருக்கேன். நீங்க மட்டும் நிக்கலேன்னா நான் இந்தக் குப்பையெல்லாம் பழைய இரும்புக்குத்தான் போட்டிருக்கணும்" என்றான். கேலி இல்லை. உண்மையாகவே நன்றி சொன்னான். வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம், ஒரு புட்டி ஸ்லிவோவிட்சா கொடுத்தான். மறுக்கத் தோன்றாமல் கையில் வாங்கிக்கொண்டு பாதி வழி வந்துவிட்டேன். பிறகு பாலத்திலிருந்து ஆற்றில் போட்டேன்.

என் பெயர் சீட்டில் அச்சாகிவிட்டது, அதை இனி எடுக்க முடியாதாம். இரண்டாம் எண்ணில் அப்படியே இருக்கும். வாக்குச்சாவடிக் கதவில் அறிவிப்பு ஒட்டுவார்கள். நான் அதை நம்பி உட்காரவில்லை. நேற்று மாலையும் இன்றும் வீடு வீடாகப் போனேன். "நான் இல்ல, ப்ரோன்காவுக்குப் போடுங்க" என்று சொன்னேன். எப்படி வரவேற்றார்கள் தெரியுமா! கேய்ஸா கண் கலங்கினான். தலைமை ஆசிரியர் "இந்தக் காலத்துல யாரு இப்பிடி விட்டுக் குடுப்பா?" என்று என் இரு கையையும் பிடித்துக்கொண்டார். ருஷேனா எல்லோருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறாள். நான் போட்டியிட்டபோது இருந்ததைவிட விலகிய பிறகு எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

கணக்கு நீ சொன்னதுதான் சரி. சனிக்கிழமை வாக்குப்பதிவு முடிந்ததும் இரவு சாப்பிட வா. பொத்தானை ருஷேனா தைத்துவிட்டாள்.

உன் ஞானப்பா,
விந்த்சென்ட்


யவோர்கா
அக்டோபர் 30, ஞாயிறு

அன்புள்ள ஞானப்பாவுக்கு,

நேற்று இரவு வராததற்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பத்தொரு வாக்கில் தோற்றேன்.

மேட்டுக் குடியிருப்பிலிருந்து கிட்டத்தட்ட எல்லோரும் வந்தார்கள். ஆரங்கா பாட்டிகளைக்கூடக் கைபிடித்து அழைத்து வந்தாள். அவர்கள் சீட்டு ஒன்றுகூடச் செல்லாமல் போகவில்லை. தோல்வி அங்கே இல்லை.

செல்லாத சீட்டுகள் எண்பதுக்கு மேல். என்னுடன் வேலை பார்க்கும் மாக்தா எண்ணும் குழுவில் இருந்தாள். விடியும் முன் என் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னாள். "ஒண்ணு ஒண்ணா பிரிக்கிறோம் ப்ரோன்கா. ரெண்டாம் நம்பருக்கு ஒரு வட்டம், மூணாம் நம்பருக்கு ஒரு வட்டம். அடுத்ததும் அப்பிடியே. அடுத்ததும். ரெண்டு வட்டம் போட்டா செல்லாது, வேற வழியே இல்ல. ஒருத்தர் பக்கத்துல 'நன்றி டாக்டர்'னு எழுதி வெச்சிருந்தாங்க. சில பேர் ஒங்க ஞானப்பாவுக்கு மட்டும் போட்டிருந்தாங்க. பலாஷிக்கோட ஆளு சிரிக்க ஆரம்பிச்சான். எனக்கு அவன அடிக்கணும்போல இருந்துச்சு."

கவுன்சிலர் சீட்டில் ஒன்பது பேருக்கு வட்டம் போடலாம். மேயர் சீட்டில் ஒருவருக்குத்தான். எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு சீட்டையும் ஒன்றாகக் கையில் கொடுக்கும்போது தெரிந்தது மறந்துபோகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எண்பது பேருக்குமா?

ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூடாததுதான். வீடு வீடாகப் போனபோது அவர்களிடம் சரியாக என்ன சொன்னீர்கள்? உங்கள் பெயரும் சீட்டில் இருக்கும் என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னீர்களா? அல்லது, என் மனம் இப்படியெல்லாம் போகிறதே என்று வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன், கொஞ்சம் ஆசையோடு?

ப்ரோன்கா


யவோர்கா
நவம்பர் 3

அன்பு மகளுக்கு,

நீ கேட்டதில் தவறில்லை. நானும் என்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டேன். வருத்தத்தோடு சொல்லவில்லை. ஆசையோடும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் என் கையைப் பிடித்தபோது நான் சீக்கிரம் விடுவித்துக்கொள்ளவில்லை. அது உண்மை.

பதில் எனக்குக் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்தது. புனிதர் அனைவர் நாளன்று, கல்லறைகளுக்கு விளக்கு ஏற்ற, ஊரே அங்கேதானே இருந்தது. நீ மட்டும்தான் வரவில்லை. உன் அப்பாவுக்கு நாங்கள் விளக்கு ஏற்றி, வெள்ளைச் சாமந்தி வைத்தோம். ஒவ்வொருவராக என் பக்கம் வந்தார்கள். கையில் மெழுகுவிளக்கு, முகத்தில் ஒரு குறும்பு.

முதலில் மார்தா. காதோரம் குனிந்து, "டாக்டர், யாருகிட்டயும் சொல்லாதீங்க. நான் ஒங்களுக்கும் ஒண்ணு போட்டேன்" என்றாள்.

"ஏம்மா? நான்தான் இல்லேன்னு சொன்னேனே?"

"அதெப்பிடி டாக்டர்? ஞாயித்துக்கிழமை ஒலிபெருக்கில வாசிப்பாங்க. ஊரு பூரா கேக்கும். 'டாக்டர் ஹ்ரிவ்னாக், சைபர்'னு வாசிச்சா நல்லாவா இருக்கும்? எங்க லிஸ்காவ ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து காப்பாத்துன மனுஷனுக்கு சைபரா? மனசு கேக்கல. ப்ரோன்காவுக்கும் போட்டேன், அதுவும் மறக்கல."

லிஸ்கா அவள் பசு.

அடுத்தது தலைமை ஆசிரியர். நாற்பது வருடம் இந்த ஊருக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தவர். "ஒரே ஒரு வோட்டாவது உங்க பேருக்கு நேரா இருக்கட்டும்னு நான் மட்டும் போட்டேன்" என்றார். கேய்ஸாவும் "நான் மட்டும்" என்றான். ரொட்டிக்கடைக்காரி, அவள் மாமியார், மணி அடிக்கும் பெரியவர், எல்லோரும் தாங்கள் மட்டும் என்றார்கள். ஒவ்வொருவரும் எனக்கு ஒரு பரிசு கொடுப்பதுபோல் சொல்லிவிட்டு, என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் அங்கே நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன். விளக்கு கையிலிருக்க, இறந்தவர்கள் நடுவே, வேறு என்ன சொல்வது? "நீங்கள்தான் தோற்கடித்தீர்கள்" என்று எண்பது பேரிடம் சொல்லலாமா? ஒருவரிடம் சொன்னால் போதும், ஊர் முழுக்கத் தெரியும். பிறகு இந்த ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பார்கள்?

கடைசியாக ஒலிபெருக்கியில் என் பெயரை வாசிக்கவே இல்லை. விலகியவர் பெயரை வாசிப்பதில்லையாம்.

இன்னும் ஒன்று. எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீ என்னிடம் கேட்கக் கூடாததைக் கேட்டாய். நானும் சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து சூப் குடிக்கும்போது ருஷேனா சொன்னாள். "நாப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்துட்டு, ஒங்க பேரு அங்க இருக்கறப்போ சும்மா தாண்டிப் போக என்னால முடியல. பேனா தானா வட்டம் போட்டிருச்சு. அப்பறம் புள்ளைக்கும் அழகா ஒண்ணு போட்டேன்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள், ப்ரோன்கா. கல்யாணமான புதிதில் வெட்கப்பட்ட மாதிரி.

நான் சூப்பைக் குடித்து முடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன்.

அந்தச் சீட்டு செல்லாமல் போனதை அவளிடம் ஒருபோதும் சொல்லிவிடாதே. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

விந்த்சென்ட்


யவோர்கா
டிசம்பர் 11

அன்புள்ள ஞானப்பாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதவில்லை. கோபத்தால் அல்ல. எழுத உட்காரும்போதெல்லாம் யார்மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டே இருந்தேன். பலாஷிக்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதைத்தான் செய்கிறான். மார்தா அக்காமேல் பட்டுப் பார்த்தேன். பள்ளி வாசலில் என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள், உண்மையான கண்ணீர். உங்கள்மேல் எப்போதும்போல் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை.

கவுன்சில் முடிவு எடுத்துவிட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் பிள்ளைகள் கல்குவாரிக்குப் போகிறார்கள். தலைமை ஆசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு, ஊர்ப்பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பு தருகிறேன், இருந்துவிடு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் பிள்ளைகளோடு போகிறேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தெரிந்த முகமாவது அங்கே இருக்கட்டும் என்றுதான்.

வெள்ளிக்கிழமை வனேஸாவிடம் சொன்னேன். "அங்க ஜன்னல் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அதுல என்ன தெரியும்?" நான் யோசித்துவிட்டு, உங்க வீடு தெரியும் என்றேன். "எங்க வீட்டத்தான் தெனமும் பாக்கறேனே" என்றாள். ஆரங்கா அவள் தலையில் குல்லாவை இழுத்து மாட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல், "வா, போலாம்" என்றாள். என்மேல் அவளுக்கு வருத்தமா, இல்லையா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாங்கள் ஒரே வட்டம்தான் போட்டோம் என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை.

நேற்று ஞானம்மா வந்தாள். உங்களுக்குத் தெரியாமல் வந்ததாகச் சொன்னாள். கசகசா ரோல் கேக், ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை. "அந்த இரும்புப் பொட்டில கால் சில்லிட்டுரும்" என்றாள். டீ குடித்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் ஒனக்கும் போட்டேன், அவருக்கும் போட்டேன்டி. ஒங்க ரெண்டு பேருல யாரையும் விட்டுக்குடுக்கல. நீ சங்கடப்படாத."

நான் தினமும் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சரியான படத்துக்கு மட்டும் வட்டம் போடக் கற்றுக்கொடுக்கிறவள். இரண்டு போட்டால் அன்பாக, பொறுமையாக, அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறவள். நாக்கு நுனிவரை வந்தது. "ஞானம்மா, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே" என்று தொடங்கினால் போதும். உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான் பதில் எழுதவில்லை. சொல்லியிருக்கலாம். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

"தெரியும் ஞானம்மா. ரொம்ப நன்றி" என்றேன்.

அவள் கிளம்பும்போது வாசலில் திரும்பி, "நாலு வருஷத்துல மறுபடியும் நில்லு. அவரையும் நிக்கச் சொல்றேன். இந்தத் தடவ எல்லாருக்கும் மனசு கஷ்டமாப் போச்சு, அடுத்த தடவ ரெண்டு பேருக்கும் நெறைய விழும்" என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன்.

கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குப் புரிந்தது, ஞானப்பா. வாக்குச்சாவடித் திரைக்குப் பின்னால் அந்த எண்பது பேரும் செய்ததைத்தான் நான் என் சமையலறையில் செய்தேன். ஒரு முகம் வாடக் கூடாது என்று. கல்லறைத் தோட்டத்தில் நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். நாலு வருடத்தில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லியிருக்கப் போவதில்லை.

இதை எழுதி முடித்துக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். படித்துவிட்டு நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வரும் ஞாயிறு மதியம் சாப்பிட வருகிறேன்.

உங்கள்,
ப்ரோன்கா